கால் நரம்புக்கு லேசர்: மெஷினை விடுங்கள், மேசையைப் பாருங்கள்

திருச்சியில் ரத்தக்குழாய் சிகிச்சைக்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்கில் நரம்பு சுருட்டலுக்கு (வெரிகோஸ்) இரண்டு கால்களுக்கும் லேசர் செய்துகொண்டேன். முதலில் வலது கால், சில வாரம் விட்டு இடது கால். வலது காலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இடது காலுக்கு மூன்று. டாக்டர் அதே டாக்டர், மெஷின் அதே மெஷின், ரூம்கூட அதே ரூம்தான். என்னை எப்படிப் படுக்க வைத்தார்கள் என்பதில்தான் அந்த இரண்டு நட்சத்திரமும் போனது. அதனால் இதில் லேசரைப் பற்றிக் கொஞ்சமாகவும் தலையணையைப் பற்றி நிறையவும் இருக்கும். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. குறையை அவர்களிடமே எழுதிக் கொடுத்துவிட்டேன், அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு இதனால் தொல்லை வர வேண்டாம்.

நான் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் உட்காருவார்கள், நாங்கள் நிற்போம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு கடை சாத்துகிறவரை நிற்பதுதான். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட்டே ஆகவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் மாடிக்கும் நாற்காலி வந்தது. இப்போது அதன்மேல் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. சரி, அது வேறு கதை.

எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேருக்கு நரம்பு சுருட்டல் இருக்கிறது. எனக்கு வலது தொடையின் உள்பக்கத்திலிருந்து கீழே வரைக்கும் பச்சையாகப் புடைத்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்திருந்தது. இடது காலில் பின்பக்கம், ஆடுசதையில். சாயங்காலமானால் இரண்டு காலும் கனத்து, மெட்டி இறுகும்.

முதலில் வேறு ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். மல்லாக்கப் படுக்க வைத்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றி, ஐந்தாறு நிமிஷம் ஜெல்லைத் தடவிப் பார்த்துவிட்டு "ரத்தக்கட்டு எதுவும் இல்லை, நார்மல்" என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். ரத்தக்கட்டு இல்லை என்பது சரிதான். ஆனால் நான் போனது அதற்கு இல்லையே. காலில் இருக்கிற ரத்தம் மேலே ஏற வேண்டும், ஏறினது திரும்பி இறங்காமல் இருக்கக் குழாய்க்குள் வால்வுகள் இருக்கின்றன. வால்வு பழுதானால் நிற்கும்போது ரத்தம் கீழே வழிகிறது. படுத்துவிட்டவளுக்கு வழிவதற்கு ஏது கீழே? வெரிகோஸுக்கு டாப்ளர், அதாவது ரத்தம் ஓடுகிற திசையைக் காட்டுகிற ஸ்கேன், என்றால் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். முடியாதவர்களுக்குக் கட்டிலையே செங்குத்தாகச் சாய்த்தோ, ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தோ பார்க்கலாம். சமமாகப் படுக்க வைத்து மட்டும் பார்த்து "வால்வு நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், பணத்தைக் கட்டிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

இந்தக் கிளினிக்கில் ஸ்கேன் செய்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. தரையில் நிற்க வைக்கவில்லை. இரண்டு படி உயரத்துக்கு ஒரு மரமேடை, மூன்று பக்கமும் கைப்பிடிக் கம்பி. டாக்டர் கீழே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். பார்க்கிற காலை லேசாக வெளிப்பக்கம் திருப்பி, முட்டியைத் தளர்த்தி, உடம்பு பாரத்தை மற்ற கால்மேல் போடச் சொன்னார். பாரம் ஏறிய காலில் தசை இறுகி இருக்கும், படம் சரியாக வராதாம். அப்புறம் ஆடுசதையை ஒரு அமுக்கு அமுக்கி விடுகிறார். அமுக்கும்போது ரத்தம் மேலே போகிறது, விட்டதும் நின்றுவிட வேண்டும். தோலுக்கு அடியில் ஓடுகிற குழாயில் அரை செகண்டுக்கு மேல் அது திரும்பி ஓடினால் வால்வு கசிகிறது என்று கணக்கு. எனக்குத் திரையில் நிறம் மாறி, மாறின நிறம் அப்படியே நின்றது. நானே பார்த்தேன்.

இது இரண்டு காலுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு இது என்ன என்று நினைக்க வேண்டாம். கடையில் நாம் நடந்துகொண்டும் குனிந்துகொண்டும் இருக்கிறோம், ஆடுசதை வேலை செய்துகொண்டே இருக்கிறது. இங்கே சிலையாக நிற்க வேண்டும். போனில் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே "சாப்பிட்டுவிட்டு வாங்க, வெறும் வயிற்றில் வராதீங்க" என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் எனக்கு நெற்றி வேர்த்ததை டாக்டருக்கு முன்னால் நர்ஸ் பார்த்துவிட்டார். "அக்கா, உட்காருங்க" என்று பின்னால் நாற்காலியைத் தள்ளி, தண்ணீர் கொடுத்து, பிறகு அடுத்த கால். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உடை விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வெரிகோஸை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிற பெண்கள் பலருக்கு இதுதான் காரணம். பெரிய குழாய் தொடை இடுக்கு வரைக்கும் போகிறது, ஸ்கேன் கருவியும் அதுவரைக்கும் போகும். புடவையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஆண் டாக்டர் முன்னால் நிற்பது யாருக்கும் கஷ்டம். இங்கே மெல்லிய துணியில் ஒரு அரைக்கால் சட்டை கொடுத்தார்கள். இடுப்பில் நாடா, ஓரம் தளர்ச்சி, வேண்டிய இடத்தை மட்டும் விலக்கலாம். மேலே நம் ரவிக்கை அப்படியே. கதவைத் தாழிட்டு, திரை இழுத்து, நர்ஸ் கூடவே நிற்கிறார். இதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் உண்டென்றால் கொடுத்துவிடுவேன். ஜெல் மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது. ஜெல் பாட்டிலைச் சூடாக வைக்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறது, அதை வாங்கி வைக்கலாம்.

வலது கால். பெரிய சஃபீனஸ் என்கிற குழாய், கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை போகிறது. பழைய நாளில் முதுகில் ஊசி போட்டு, இடுக்கில் கிழித்து, அதை உருவி எடுப்பார்கள். என் மாமியார் அப்படிச் செய்துகொண்டு வீட்டோடு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது முட்டிப் பக்கம் ஒரு ஊசித்துளை, அதன் வழியே மெல்லிய ஃபைபர், உள்ளிருந்தே சூடு கொடுத்துக் குழாயை அடைத்துவிடுகிறார்கள். எனக்குச் செய்தது 1470 நானோமீட்டர் லேசர். ரேடியோ அலையில் செய்வதும் உண்டு. அதில் 7 சென்டிமீட்டர் நீளத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் 20 செகண்ட், 120 டிகிரி சூடு. பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. எது உசத்தி என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நீங்கள் விழித்தபடி மேசையில் படுத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்கிறேன். மிதியை அழுத்தினால் ஏறும், இறங்கும், தலைப்பக்கமோ கால்பக்கமோ சாயும். இது சொகுசுக்கு இல்லை. முதலில் கால்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். ரத்தம் இறங்கிக் குழாய் பருத்துக்கொள்ளும், ஊசி ஒரே குத்தில் உள்ளே போகும். ஃபைபர் மேலே போய்ச் சேர்ந்ததும் அப்படியே எதிராக, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தினார்கள். இப்போது ரத்தம் வடிந்து குழாய் சுருங்குகிறது, சூடு ரத்தத்தில் வீணாகாமல் சுவரில் படும். சாயாத கட்டிலில் செய்கிற இடங்களும் இருக்கின்றன. தலையணைகளை அடுக்கிச் சமாளிப்பார்கள், முடியாதது இல்லை. ஆனால் நோயாளியை நடுவில் எழுப்பி நகர்த்த வேண்டி வரும்.

காலை வைத்த விதம்: முட்டியைக் கொஞ்சம் மடக்கி, வெளிப்பக்கம் சாய்த்து. தவளைக் கால் என்றார் டாக்டர். சொல்லும்போது சுலபம். ஆனால் காலை அப்படிச் சாய்த்துவிட்டு அடியில் ஒன்றும் வைக்காவிட்டால், அந்த நிலையில் பிடித்துக்கொண்டிருப்பது நம் தொடைதான். சிறிது நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும், நடுங்கினால் திரையில் படமும் ஆடும். அவர்கள் முட்டிக்கு அடியில் ஒரு ஆப்புத் தலையணை வைத்தார்கள். தொடைக்கு வெளிப்பக்கம் பெட்ஷீட்டைச் சுருட்டி அண்டக் கொடுத்தார்கள். நர்ஸ் என் முட்டியைத் தன் கையால் லேசாக ஆட்டிப் பார்த்து, "அக்கா, இன்னும் நீங்கதான் பிடிச்சிட்டிருக்கீங்க. முழுசா விடுங்க, தலையணை தாங்கிக்கும்" என்றார். விட்டதும் கால் ஒரு விரற்கடை இறங்கியது. அந்த இடைவெளியிலும் ஒரு துண்டை மடித்துச் செருகினார். அதற்குப் பிறகுதான் மருந்து தடவிப் பச்சைத் துணி போர்த்தினார்கள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இடது காலுக்கு வரும்போது புரியும்.

ஏசியைக் குறைத்து, மேலே கம்பளி போர்த்தியிருந்தார்கள். நான் குளிரவில்லை என்றேன். "உங்களுக்காக இல்லம்மா, குழாய்க்காக" என்றார் டாக்டர். குளிர்ந்தால் குழாய் இறுகிச் சின்னதாகிவிடும், பயந்தாலும் அப்படித்தானாம். ஊசி போடும் நேரத்தில் ஸ்கேன் கருவியை அழுத்தாமல், தோலில் பட்டும் படாமலும் வைத்திருந்தார். அழுத்தினால் குழாய் தட்டையாகி ஊசிக்கு அகப்படாது.

வலி எங்கே என்றால், லேசரில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில். குழாயைச் சுற்றி நெடுக மரத்துப்போகும் தண்ணீரை ஏற்றுகிறார்கள். சலைனில் லிக்னோகெய்ன், கூட அட்ரினலின், எரிச்சல் குறைய பைகார்பனேட். கீழிருந்து இடுக்கு வரை குத்திக்கொண்டே போவார்கள். மரத்த இடத்தின் ஓரத்திலேயே அடுத்ததைக் குத்துவதால் ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் குறைவாகத்தான் தெரியும், ஆனால் தொடையின் உள்பக்கம் சுருக்கென்று இருக்கும். இந்தத் தண்ணீர் மரக்கச் செய்வதற்கு மட்டும் இல்லை. குழாயை அமுக்கி ஃபைபரோடு ஒட்ட வைக்கிறது, தோலுக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி உண்டாக்குகிறது. அட்ரினலினால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் ஹார்ட் அட்டாக் என்று எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கட்டத்தில் நர்ஸ் என் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டு, கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும், உண்மையான கோர்வையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். தொழில் விஷயம் கேட்டால் நான் விடுவேனா? உடலும் கரையும் சேருகிற இடத்தைத் திருப்பிப் பார், மூன்று தறிநாடா ஓடினதின் கோர்ப்பு பின்பக்கம் கைக்குத் தட்டும் என்று ஆரம்பித்து, ஜரிகையில் நூலைப் பிரித்துச் சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்ப்பது வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் ஏற்றுவது முடிந்துவிட்டது. வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதே வெரிகோஸ் சிகிச்சையில் சோதித்து 2015-இல் எழுதியிருக்கிறார்கள். நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தவர்களுக்கும், கையில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் வலியும் பதற்றமும் குறைந்தன, பாட்டுக் கேட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆகவே இளையராஜாவை நம்பி ஹெட்போன் எடுத்துப் போகாதீர்கள், பேச்சுக்காரியாகப் பார்த்துத் தலைமாட்டில் நிற்கச் சொல்லுங்கள்.

தலை தாழ்ந்த நிலை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்கு நெஞ்சு கரிப்பு உண்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போயும் புளிப்பு தொண்டைக்கு வந்தது. சொன்னதும் தலைக்கு மட்டும் ஒரு சின்னத் தலையணை வைத்து, சாய்வைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, உடல் கனம் இருக்கிறவர்கள் இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, கொண்டை போட்டுக்கொண்டும் பெரிய கிளிப் குத்திக்கொண்டும் போகாதீர்கள். தலைச்சாய்வில் முழு பாரமும் அந்தக் கிளிப்பில்தான் விழும். பின்னலைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு போங்கள். அப்புறம் சிறுநீர். மேசைமேல் ஏறும் முன் போய்விட்டு வந்துவிடுங்கள், துணி போர்த்திவிட்டால் இறங்க முடியாது.

லேசர் பாய்ந்தது பெரிதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி, எனக்கும். இடுக்கில் ஆழமான பெரிய குழாயோடு சேருகிற முனைக்கு 2 சென்டிமீட்டர் கீழே ஆரம்பித்து, மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். வாயில் கருகின மாதிரி ஒரு ருசி வந்து போனது. எதிர்ப்பக்கம் இருந்த திரையை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அங்கே வைத்ததே டாக்டர் கழுத்தைத் திருப்பாமல் பார்ப்பதற்கு என்றார்கள். மேசையையும் தன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். இது எனக்குப் பிடித்திருந்தது. கவுன்டர் உயரம் சரியில்லாத கடையில் புடவை மடிக்கிறவள் எவ்வளவு நேரம் நேராக மடிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

இடது காலுக்கு வருகிறேன். இதில் பழுதானது சின்ன சஃபீனஸ், ஆடுசதைக்குப் பின்னால் ஓடி முட்டிக்குழியில் சேருகிறது. பின்பக்கம் என்பதால் குப்புறப் படுக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம். போன தடவை இருந்த நர்ஸ் லீவில் இருந்தார், புதிதாக ஒரு பெண். கையெழுத்து வாங்கிய ஃபாரத்தில் சர்க்கரை, பிரஷர், மருந்து அலர்ஜி, கர்ப்பம் எல்லாம் கேட்டிருந்தது. கழுத்து, தோள், இடுப்பு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எனக்குக் கழுத்தில் தேய்மானம் உண்டு. மல்லாக்கப் படுக்கும்போது அது யாருக்கும் தேவைப்படாத செய்தி, குப்புறப் படுக்கும்போது அதுதான் முதல் செய்தி.

"குப்புறப் படுங்கக்கா" என்றாள், படுத்தேன். உடனே மருந்து தடவி, பச்சைத் துணி. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முகத்துக்கு ஓட்டை வைத்த தலையணை இல்லை. சாதாரணத் தலையணை, கழுத்தை ஒரு பக்கம் திருப்பியே ஆகவேண்டும். தாலிக்கொடியின் குண்டுகள் நெஞ்செலும்புக்கும் மேசைக்கும் நடுவில். கையைத் தலைக்கு மேலே வைத்தால் தோள் மரக்கிறது, பக்கத்தில் வைத்தால் மேசை அகலம் போதவில்லை. கால் விரல்கள் மெத்தையில் குத்திக்கொண்டு, பாதம் நீட்டியபடி, ஆடுசதை முழுக்க இறுகி நின்றது. நான் அசைந்தால் கிருமி நீக்கிப் போர்த்திய துணி விலகும், எல்லாம் முதலிலிருந்து. அதனால் அந்தப் பெண் என்னை "அசையாதீங்க, அசையாதீங்க" என்றாளே தவிர, அவளாலும் எதுவும் செய்ய முடியவில்லை.

டாக்டர் வந்து கருவியை வைத்ததும் கண்டுபிடித்துவிட்டார். முட்டியை நேராக நீட்டிக் குப்புறப் படுத்தால் முட்டிக்குழியில் எல்லாம் இறுகிக் குழாய் தட்டையாகிவிடுகிறது. கணுக்காலுக்கு அடியில், பாதம் தொங்குகிற மாதிரி, ஒரு தலையணை வைத்து முட்டியைக் கொஞ்சம் மடங்க விட வேண்டும். துணிக்கு அடியில் கையை விட்டு அந்தப் பெண் ஒரு தலையணையை நுழைத்தாள். ஆடுசதை தளர்ந்த உடனே திரையில் குழாய் வட்டமாகத் திறந்ததாகச் சொன்னார், குப்புறக் கிடந்த எனக்கு எங்கே தெரிகிறது? தாலிக்கொடியை மட்டும் என் கையால் மெல்ல இழுத்து முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டேன். கழுத்துக்கு யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. முடிகிறவரை ஒரே பக்கம். ஊசி வலியை நான் மறந்துவிட்டேன், கழுத்து வலிக்கு அடுத்த நாள் ஒத்தடம் கொடுத்தேன்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம், இதைச் சரியாகச் செய்ய அங்கே எல்லாமே இருந்தன. தலையணை இருந்தது, சாயும் மேசை இருந்தது, தெரிந்த ஆளும் மற்ற நாளில் இருந்தார். துணி போர்த்துவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் ஒத்திகை பார்க்கவில்லை, அவ்வளவுதான். வயிற்றுக்கு அடியில் ஒன்று, கணுக்காலுக்கு அடியில் ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று வைத்து, "இப்படியே முக்கால் மணி நேரம் இருப்பீர்களா?" என்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். குப்புறப் படுக்கவே முடியாதவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தும் இந்தக் குழாயைச் செய்யலாம் என்று பிறகு டாக்டரே சொன்னார். அதை முன்னாலேயே கேட்டிருந்தால் நான் ஒருக்களித்துத்தான் படுத்திருப்பேன்.

டாக்டரின் கையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆடுசதைப் பின்பக்கம் குழாயை ஒட்டியே பாதத்துக்குப் போகிற உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. சூடு பட்டால் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். "ஷாக் அடிக்கிற மாதிரி பாதத்துக்கு ஓடினால் உடனே சொல்லுங்கம்மா, கால் மட்டும் ஆட்டாதீங்க" என்று பலமுறை கேட்டுக்கொண்டே செய்தார். மயக்கம் கொடுக்காமல் செய்வதில் இப்படி ஒரு காவல் இருக்கிறது. ஆனால் கழுத்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவள் எந்த வலியைச் சொல்வாள், எதை விடுவாள்? நோயாளியை வசதியாகப் படுக்க வைப்பது உபசாரம் மட்டும் இல்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

முடிந்ததும் இரண்டு தடவையும் உடனே எழுந்து நடக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம். அடைத்த குழாயின் முனையிலிருந்து ரத்தக்கட்டு ஆழமான குழாய்க்குள் நீளாமல் இருக்க நடை முக்கியம், ஒரு வாரத்துக்குள் அதைப் பார்க்கத்தான் மறு ஸ்கேன். நடக்கிற இடம் வராந்தா. வராந்தாவின் இரண்டு பக்கமும் காத்திருப்பவர்களின் நாற்காலிகள், நீட்டிய கால்கள், டிபன் கேரியர்கள். எல்லோரும் உங்கள் காலையே பார்ப்பார்கள். நான் படியிறங்கி வெளியே மரத்தடியில் நடந்தேன்.

அடுத்தது, காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ். கிளாஸ் 2 அழுத்தம். விரல் திறந்ததை வாங்குங்கள். மூடினதை வாங்கினால் மெட்டி மாட்டிக்கொண்டு நூல் இழுக்கும், மெட்டியைக் கழற்றவும் மனசு வராது. கொலுசை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கூட வருகிறவருக்கு மாட்டிவிடும் முறையை அங்கேயே சொல்லித் தருகிறார்கள். சாக்ஸை உள்பக்கமாகப் புரட்டி, குதிகாலை முதலில் பொருத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. என் தங்கை இரண்டாவது நாளே தேறிவிட்டாள். சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டிருப்பது தண்டனைதான். முடிந்தால் மார்கழி, தைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்புகிற பயணத்தையும் யோசித்து வையுங்கள். நான் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து லால்குடி பஸ். முதல் தடவை முன் படிக்குப் பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து போய்விட்டேன். இடது காலுக்குப் பிறகு முட்டி மடக்கிய இடத்தில் கட்டின் ஓரம் வெட்டியது, கார் வைத்துக்கொண்டிருக்கலாம். சென்னை, பெங்களூரு என்று நீண்ட தூரத்திலிருந்து வருகிறவர்கள் அன்றிரவு திருச்சியிலேயே தங்கிவிடுங்கள். நெடுநேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது என்று அவர்களே எழுதித் தருகிறார்கள்.

இப்போது கால் நன்றாக இருக்கிறது. சாயங்காலக் கனம் போய்விட்டது, அரிப்பு நின்றுவிட்டது, கறுப்பு மட்டும் மெதுவாக வெளுக்கிறது. தொடையில் கொஞ்ச நாள் கயிறு இழுக்கிற மாதிரி இருந்தது, அடைந்த குழாய் சுருங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சின்னச் சின்னக் கிளைகளுக்கு நுரை ஊசி (மருந்தை நுரையாக்கி உள்ளே ஏற்றிக் குழாயை அடைப்பது) பாக்கி இருக்கிறது. அதுவும் குப்புறத்தான். இந்தத் தடவை ஒருக்களித்துப் படுக்கிறேன் என்று ஃபைலிலேயே எழுத வைத்துவிட்டேன், முகத்துக்கு வட்டத் தலையணை வாங்கிவிட்டதாக ரிசப்ஷனில் சொன்னார்கள்.

காசு விஷயம்: ஒரு காலுக்கு முன்னால் சொன்ன தொகைதான் பில்லில் வந்தது, சாக்ஸ் மட்டும் தனி. இன்சூரன்ஸ் இருந்தால் டே-கேர் (அன்றே வீடு திரும்புகிற சிகிச்சை) பட்டியலில் இது இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள், எனக்கு ஒரு பகுதிதான் வந்தது. புதன், வியாழன் காலை முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் விடாதீர்கள், கூட்டம் இருக்காது, பழைய நர்ஸும் அந்த நேரத்தில்தான் இருக்கிறார். லிஃப்ட் உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடையாது.